கோழிக் கொட்டகையில ரெண்டு பல்பும் மங்கல், கீசர் போட்டா ஆசாரத்துல வெளிச்சம் ஏறுது: ரெண்டும் ஒரே கோளாறா?

சென்னிமலைச்சாரல் கேட்டது:

பெருந்துறைக்கு அக்கட்டால தோட்டத்துச் சாளைங்க. வீட்டுக்கு 3 பேஸ் சர்வீஸ். மீட்டருக்கு அடுத்து 4 போல் மெயின் எம்சிபி (மூணு பேஸையும் நியூட்ரலையும் ஒட்டுக்கா வெட்டற, கரண்ட் ஜாஸ்தியானா தானே விழுகற சுவிட்ச்), அதுக்கப்புறம் டிபி பாக்ஸ் (ரூம் ரூமா வயர் பிரியற பெட்டி), அதுக்குள்ள பித்தளை நியூட்ரல் லிங்க் (எல்லா நியூட்ரல் வயரும் வந்து சேர்ற கட்டை). சிவப்பு பேஸ்ல ஆசாரம் (வீட்டு ஹால்), டிவி, பிரிட்ஜ். மஞ்சள்ல சமையல்கட்டும் 2000 வாட் கீசரும். நீலத்துல மாடியும், பொடக்காலியில புதுசாப் போட்ட கோழிக் கொட்டகையும்.

முதல் கோளாறு கொட்டகையில. நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குச் சூட்டுக்காக ரெண்டு குண்டு பல்பு, ஒண்ணு 100 வாட், ஒண்ணு 40 வாட், ரெண்டுக்கும் ஒரே சுவிட்ச். ரெண்டுமே மங்கல். அதுலயும் 40 வாட் பல்பு ஓரளவுக்கு எரியுது, 100 வாட் பல்புல கம்பி மட்டும் செவசெவன்னு தெரியுது. வேற 100 வாட் பல்பு மாத்திப் போட்டாலும் அதேதானுங்க. ஒண்ணைக் கழட்டினா மத்ததும் அணைஞ்சிருது.

ரெண்டாவது வீட்டுக்குள்ள. பொழுதோட கீசரைப் போட்டா ஆசாரத்துல பேன் வேகம் கூடுது, சாமி மாடத்து ஜீரோ வாட் பல்பு பளிச்சுனு ஏறுது. அதே நேரத்துல சமையல்கட்டுச் சோக் டியூப்லைட் மங்குது. கீசரை நிறுத்தினா எல்லாம் பழையபடி. பத்து நாள்ல எல்இடி பல்பு மூணு போச்சு. எம்சிபி ஒண்ணும் விழுகறதில்லை. வயரிங் பண்ணினவர் லைன்ல வோல்டேஜ் ஏறி எறங்குது, ஸ்டெபிலைசர் போடுங்கங்கிறார். ரெண்டுக்கும் ஒரே காரணமா, வேற வேறயா?


வயர்மேன்_கோபி:

வேற வேறங்க. ரெண்டாவது கோளாறுதான் ஆபத்தானது. அதைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் கீசரைத் தொடாதீங்க. அதை மீட்டர் வேலை தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லட்டும். நான் கொட்டகைக்கு வாறேன்.

உங்க ரெண்டு பல்பும் சீரிஸ்ல மாட்டியிருக்குது, அதாவது ஒரு பல்பு வழியாப் போன கரண்ட்தான் அடுத்த பல்புக்கும் போகுது. ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணு அணையுதுங்கிற ஒரு வரியிலயே அது தெரிஞ்சுபோச்சு. 40 வாட் ஏன் கூட எரியுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. பல்பு மேல எழுதியிருக்கிற வாட் 230 வோல்ட் முழுசாக் கிடைக்கும்போது எரியற வாட். 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ் வரும்: 100 வாட் பல்புக்கு 529 ஓம், 40 வாட்டுக்குச் சுமார் 1,322 ஓம். வாட் கம்மியான பல்புலதான் ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி. சீரிஸ்ல ரெண்டு வழியாவும் ஒரே கரண்ட்தான் ஓடும். மொத்தம் 1,851 ஓம், கரண்ட் 0.124 ஆம்பியர். அப்ப 40 வாட் பல்புக்கு 164 வோல்ட், 100 வாட் பல்புக்கு 66 வோல்ட். முன்னது 20 வாட் எரியும், பின்னது 8 வாட்டு. நேர்ல வித்தியாசம் இதைவிட ஜாஸ்தியாவே தெரியும். கம்பி சூடு ஆறினா அதோட ரெசிஸ்டன்ஸும் எறங்கும். 100 வாட் பல்பு செவந்த நிலையிலயே நிக்கறதால அதுக்குக் கிடைக்கிற வோல்ட் இன்னும் குறையும். எத்தனை பல்பு மாத்தினாலும் அதேதான்.

எப்படி இப்படி ஆச்சுன்னா, சுவிட்ச்ல இருந்து வந்த பேஸ் முதல் ஹோல்டரோட ஒரு கால்ல, அதே ஹோல்டரோட மறு கால்ல இருந்து கிளம்பின வயர் அடுத்த ஹோல்டருக்கு, அங்கிருந்து நியூட்ரல். வயர் மிச்சமாகுதுன்னு பண்ணியிருப்பாங்க. ரெண்டு ஹோல்டருக்கும் நடுவுல எத்தனை வயர் ஓடுதுன்னு பாருங்க. ஒண்ணே ஒண்ணுன்னா சீரிஸ். ரெண்டு இருந்தா பேரலல், ஒவ்வொரு பல்பும் தனித்தனியாப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல நிக்கும்.

சரி பண்ற முறை:

மெயினை ஆப் பண்ணுங்க, சுவிட்ச் மட்டும் போதாது. ஆப் பண்றதுக்கு முன்னாடியே டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற பிளக்குல ஒருக்கா வச்சு டெஸ்டர் நல்லா இருக்குதான்னு பார்த்துக்குங்க, ஆப் பண்ணின அப்புறம் ஹோல்டர்ல வச்சுக் கரண்ட் இல்லைன்னு உறுதி பண்ணுங்க. ரெண்டாவது ஹோல்டருக்கு இன்னொரு வயர் இழுங்க, 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், கறுப்பு. முதல் ஹோல்டர்ல ஒரு கால்ல சுவிட்ச்ல இருந்து வந்த பேஸ், அதே கால்ல இருந்து அடுத்த ஹோல்டரோட ஒரு காலுக்குப் பேஸ். மறு கால்ல நியூட்ரல், அதுல இருந்து அடுத்ததோட மறு காலுக்கு நியூட்ரல். முதல் ஹோல்டர்ல ஒவ்வொரு கால்லயும் ரெண்டு ரெண்டு வயர் வந்து உக்காரணும், கடைசி ஹோல்டர்ல மட்டும் ஒவ்வொண்ணு. பின் டைப் ஹோல்டர்ல பேஸ் எந்தக் கால்னு கிடையாது. ஸ்க்ரூ டைப்னா பேஸ் நடு முனைக்குத்தான் போகணும். மரையில பேஸ் வந்துட்டா, பல்பைக் கழட்டும்போது விரல் பட்டாலே அடிக்கும்.

கொட்டகையில தூசி, ஈரம், எலி மூணும் உண்டு. வெறும் டேப் சுத்தின ஜாயிண்ட் வேண்டாம். மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள்ள ஸ்க்ரூ கனெக்டர் போடுங்க. வைக்கோல், உமி மேல பல்பு தொங்காம சங்கிலியில கட்டுங்க, வயர்ல தொங்க விடாதீங்க. பேரலல் ஆனதும் 140 வாட் முழுசா எரியும். இத்தனை நாள் குஞ்சுகளுக்குக் கிடைச்சது மொத்தமே 30 வாட்டுக்குள்ளதான். அதனால பல்பு உயரத்தைத் திரும்பப் பார்த்து வைங்க.


நொய்யல்மீட்டர்:

கீசரைப் போடாதீங்க, மெயினை ஆப் பண்ணிட்டு மீதியைப் படிங்க.

ஒரு பேஸ்ல லோடு போட்டா அந்தப் பேஸ் மங்குதுன்னா அது சாதாரணம், வயர்ல வோல்டேஜ் எறங்குது. ஒரு பேஸ்ல லோடு போட்டா இன்னொரு பேஸ் ஏறுதுன்னா அது நியூட்ரல் லூஸ். வேற காரணம் தேட வேண்டியதில்லை.

வீட்டுல எல்லாச் சாதனமும் பேரலல்தான். ஒவ்வொண்ணும் தன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல நிக்குது. 3 பேஸ் வீட்டுல மூணு பேஸுக்கும் திரும்பிப் போற பாதை ஒரே நியூட்ரல். அந்தப் பொதுப்பாதை அறுந்தா என்ன ஆகும்? சிவப்புல இருக்கிற டிவியும் மஞ்சள்ல இருக்கிற கீசரும் நியூட்ரல் லிங்க்ல ஏற்கெனவே ஒட்டுக்கா கட்டியிருக்குது. கரண்ட் சிவப்புல நுழைஞ்சு டிவி வழியா லிங்குக்கு வந்து, அங்கிருந்து கீசர் வழியா மஞ்சளுக்குப் போயிரும். யாரும் வயரை மாத்தாமலே ரெண்டும் சீரிஸ் ஆயிருச்சு, அதுவும் 230க்கு இல்ல, பேஸுக்குப் பேஸ் 400 வோல்ட்டுக்கு.

சிவப்புல 100 வாட் லோடு 529 ஓம். மஞ்சள்ல 2000 வாட் கீசர் 26.5 ஓம். மொத்தம் 555, கரண்ட் 0.72 ஆம்பியர். டிவிப் பக்கத்துக்கு 381 வோல்ட், கீசருக்கு 19. கீசர்ல தண்ணி சுடாது, டிவி வெடிக்கும். கொட்டகையில 40 வாட் பல்பு ஜாஸ்தி எரிஞ்ச அதே கணக்குதான் இது. சின்ன லோடுதான் எப்பவும் அடி வாங்கும்.

0.72 ஆம்பியருக்கு எம்சிபி ஏன் விழுகப் போகுது? ஆர்சிசிபி (கரண்ட் பூமிக்குக் கசிஞ்சா வெட்டற சுவிட்ச்) இருந்தாலும் விழுகாது, அது போற கரண்டும் வர்ற கரண்டும் சமமான்னு மட்டும்தான் பார்க்கும். இங்க எதுவும் பூமிக்குப் போகலை. ஸ்டெபிலைசர் போட்டா அந்த ஒரு டிவிக்குக் கொஞ்ச நாள் தாங்கும், லூஸ் முனை உள்ள எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

உங்களுக்கு இன்னும் முழுசா அறுகலை, பிடி விட்டு விட்டு இருக்குது. எங்கேன்னு கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். கேட்டகரி 3, 600 வோல்ட் தாங்குற மீட்டரா இருக்கட்டும், முனை வயர்ல வெடிப்பு இருக்கக் கூடாது. கரண்ட் ஓடும்போது டிபி மூடியைத் திறந்து அளக்கிறது பழக்கமில்லைன்னா லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு இந்த அளவுகளை எடுக்கச் சொல்லுங்க. டிவி, பிரிட்ஜ், கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டு:

1. கீசர் ஆப். சிவப்பு–நியூட்ரல், மஞ்சள்–நியூட்ரல், நீலம்–நியூட்ரல் மூணும் குறிச்சுக்குங்க.
2. கீசரை அரை நிமிஷம் மட்டும் ஆன் பண்ணி அதே மூணு அளவு, கூடவே பேஸுக்குப் பேஸ் மூணு அளவு.
3. கீசர் ஆன்ல இருக்கும்போதே எர்த்துல ஒரு முனையை வச்சுக்கிட்டு, மறு முனையை மெயின் எம்சிபிக்குள்ள வர்ற நியூட்ரல், வெளிய போற நியூட்ரல், டிபி நியூட்ரல் லிங்க், இந்த மூணு இடத்துலயும் வரிசையா வைங்க.

மூணாவதுதான் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். வர்ற நியூட்ரல்லயே வோல்டேஜ் இருந்தா கோளாறு மீட்டர்லயோ கம்பத்துலயோ. நீங்க தொடக் கூடாது, சீல் வச்ச இடம். ஈபி செக்‌ஷன் ஆபீஸுக்கோ மின்னகத்துக்கோ (ஈபியோட போன் புகார் மையம்) நியூட்ரல் லூஸ்னு சொல்லி அளவையும் சொல்லுங்க. லோ வோல்டேஜ்னு பொத்தாம்பொதுவாச் சொன்னா ஆள் வர்றதுக்கு நேரமாகும். வர்ற இடத்துல பூஜ்யத்துக்குப் பக்கமா இருந்து லிங்க்ல ஏறினா கோளாறு வீட்டுக்குள்ள.

ஒரு எச்சரிக்கை: லைன்ல கரண்ட் இருக்கும்போது நியூட்ரல் ஸ்க்ரூவை முறுக்கிப் பார்க்காதீங்க. முறுக்கும்போது ஒரு நொடி பிடி விட்டாப் போதும், மேல சொன்ன 381 வோல்ட் அப்பவே வந்துரும்.


சென்னிமலைச்சாரல்:

ரொம்ப நன்றிங்ணா. கொட்டகையில ஹோல்டருக்கு நடுவுல ஒரே வயர்தானுங்க ஓடுது. லைசென்ஸ் உள்ளவரை வச்சு அளந்தாச்சு.

கீசர் ஆப்: சிவப்பு 232, மஞ்சள் 230, நீலம் 231.
கீசர் ஆன்: சிவப்பு 247, மஞ்சள் 201, நீலம் 246. பேஸுக்குப் பேஸ் மூணும் 399–401.
எர்த்துக்கும் நியூட்ரலுக்கும், கீசர் ஆன்ல: மெயினுக்குள்ள வர்றது 1.5, வெளிய போறது 2, டிபி லிங்க் 30.

வந்தவர் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னார்: அவசரத்துக்கு எர்த் வயரை லிங்க்ல சேர்த்துக் கட்டிரலாம், பாட்டுக்கு ஓடும்னு. அப்படிப் பண்ணலாமுங்களா?


நொய்யல்மீட்டர்:

எர்த்தைச் சேர்க்கறது கூடவே கூடாதுங்க. கணக்கே சொல்லிரும். நம்ம பக்கத்து ஓடைக்கல் பூமியில கோடையில எர்த் குழி காஞ்சு போயிருக்கும். 10 ஓம்னே வச்சுக்குவோம். கீசர் 26.5 ஓம், குழி 10 ஓம், ரெண்டும் சீரிஸ். 230ஐ 36.5ஆல் வகுத்தா 6.3 ஆம்பியர். அது 10 ஓம்ல விட்டுட்டுப் போற வோல்டேஜ் 63. அந்த 63 வோல்ட் எங்க நிக்கும்? எர்த் வயர் போற எல்லா இடத்துலயும்: பிரிட்ஜ் கதவு, கிரைண்டர், கீசர் உடம்பு, அதோட சேர்ந்த தண்ணிக் குழாய். ஈரக் கையோட தண்ணி வாத்துக்கப் போறவங்க மேல. இதுல ஆர்சிசிபி இருந்தா உடனே விழுந்துரும். அது விழுகுதுன்னு அதைக் கழட்டிப் போடறவங்களும் உண்டு.

உங்க அளவு புத்தகத்துல போடற மாதிரி இருக்குது. பேஸுக்குப் பேஸ் 400 அசையலை, உள்ள வர்ற நியூட்ரல்லயும் 1.5தான், அதனால ஈபி லைன் மேல குத்தமில்லை. மெயினைத் தாண்டின பக்கம் 2 வோல்ட், லிங்க்ல 30. மெயினுக்கும் லிங்குக்கும் நடுவுல உள்ள அந்த ஒரு வயர், அதோட ரெண்டு முனை. அதுக்கு வெளிய தேடாதீங்க.

கீசர் 201 வோல்ட்ல 7.6 ஆம்பியர் இழுக்குது. 30ஐ 7.6ஆல் வகுத்தா சுமார் 4 ஓம். நல்ல முனையில ஓம்ல ஆயிரத்துல சில பங்குதான் இருக்கணும். 30 வோல்ட், 7.6 ஆம்பியர்னா அந்த ஒரு முனையில 228 வாட் சூடு. 25 வாட் சோல்டரிங் அயர்ன் ஒன்பதை ஒரு ஸ்க்ரூ மேல வச்ச மாதிரி. கண்டிப்பாக் கறுத்திருக்கும், வயர் தோல் கூட உருகியிருக்கும்.

வேலை: மெயின் ஆப். மூணு பேஸுக்கும் நியூட்ரலுக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளந்து செத்த லைன்தான்னு உறுதி பண்ணணும். மெயின் எம்சிபியோட மேல்முனையில, மீட்டர் பக்கம், கரண்ட் இருந்துகிட்டேதான் இருக்கும், அதை மறந்துராதீங்க. லிங்க்ல இருந்து மெயின் நியூட்ரலைக் கழட்டி, கறுத்த நுனியை விட்டுட்டுப் பளபளன்னு செம்பு தெரியற இடம் வரைக்கும் வெட்டணும். பல இழை வயர்னா லக்கோ பெரூலோ (இழைகளை ஒண்ணாப் பிடிக்கிற உலோக முனை) நசுக்கிக் கிரிம்ப் பண்ணித்தான் மாட்டணும். வெறும் இழையை ஸ்க்ரூ அழுத்தினா சில மாசத்துல நசுங்கி இளகும். லிங்கைச் சுரண்டிப் பயன்படுத்தாதீங்க. ஒருக்கா சூடேறின பித்தளையில மரை பிடிக்காது, புதுசு போடுங்க. நியூட்ரல் வயர் பேஸ் வயர் அளவுக்குக் குறையவே கூடாது. எல்இடி, கம்ப்யூட்டர் சப்ளை மாதிரி எலெக்ட்ரானிக் லோடு நிறைய இருந்தா மூணு பேஸும் சமமா இருந்தாலும் நியூட்ரல்ல கரண்ட் ஓடும்.

அந்த வயர் அலுமினியம்னா இன்னொண்ணு. அலுமினியத்தையும் செம்பையும் நேரா முறுக்கக் கூடாது. அலுமினியம் மேல ஆக்சைடு படியும், சூட்டுக்குச் செம்பைவிட ஜாஸ்தி நீளும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு நாள் கீசர் போட்டு நிறுத்தும்போதும் பிடி கொஞ்சங்கொஞ்சமா விடும். ரெண்டு உலோகத்துக்கான பைமெட்டல் லக் கடையில கிடைக்குது.


ஊத்துக்குளிவெண்ணெய்:

மேல உள்ளதுக்கு ரெண்டு சேர்க்கை.

பழைய தொட்டிக்கட்டு வீடுகள்ல மெயின் பலகையில பீங்கான் கட்அவுட் நியூட்ரலுக்கும் ஒண்ணு இருக்கும், அதுலயும் பியூஸ் கம்பி போட்டு வச்சிருப்பாங்க. 3 பேஸ்ல அந்தக் கம்பி போச்சுன்னா இதே கதை. நியூட்ரல்ல பியூஸோ, தனி சிங்கிள் போல் எம்சிபியோ இருந்தா எடுத்துட்டு நேரடி லிங்க் போடுங்க. ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர் (ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாத்தற சுவிட்ச்) இருந்தா அதோட நியூட்ரல் போலையும் பாருங்க. தேஞ்சு போனா முதல்ல தகராறு பண்றது அதுதான்.

அப்புறம், மோட்டார் ரூம் சர்வீஸ் வேற, சாளை சர்வீஸ் வேற. வீட்டு நியூட்ரல் பத்தலைன்னு மோட்டார் ரூம்ல இருந்து நியூட்ரல் இழுக்கிற வேலை வேண்டாம். ஒரு பக்கம் மெயினை ஆப் பண்ணினாலும் நியூட்ரல் வழியா இன்னொரு சர்வீஸ் லோடோட கரண்ட் வந்து நிக்கும், லைன் செத்துப்போச்சுன்னு நம்பிக் கை வைக்கறவர் மாட்டிக்குவார். ஒரே வீட்டுக்குள்ளயும் ஒரு சர்க்யூட் நியூட்ரலை இன்னொரு சர்க்யூட் கடன் வாங்கக் கூடாது, ஆர்சிசிபி போட்ட வீட்டுல காரணமே தெரியாம விழுந்துகிட்டே இருக்கும்.

ஓவர் வோல்டேஜ் ரிலே ஒண்ணு டிபியில போடுங்க, 3 பேஸ் 4 வயர் மாடல். 270ஐத் தாண்டினா வெட்டற மாதிரி வச்சா நியூட்ரல் போற அன்னைக்குச் சாமான் தப்பும். லூஸ் முனையை அது சரி பண்ணாது.


பல்லடம்தறி:

டெஸ்டர் பத்தி ஒண்ணு. சிங்கிள் பேஸ் வீட்டுல நியூட்ரல் அறுந்தா வோல்டேஜ் ஏறாது, எல்லாம் நின்னு போகும். ஆனா பிளக்குல ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியும். ரெண்டு பேஸ் வந்துருச்சுன்னு பயந்துக்குவாங்க. அது ஒரே பேஸ்தான், எங்கயோ ஆன்ல இருக்கிற பல்பு வழியா சீரிஸாச் சுத்திக்கிட்டு நியூட்ரல் வயருக்குத் திரும்பி வருது. எல்லாச் சுவிட்சையும் ஆப் பண்ணி, பிளக்கையெல்லாம் பிடுங்கினா ரெண்டாவது ஓட்டை அணைஞ்சிரும். அப்படி அணைஞ்சா நியூட்ரல்தான்.

இதுக்கெல்லாம் டெஸ்டரைவிட நல்ல சாமான் சீரிஸ் போர்டு. ஒரு பலகை, ஒரு ஹோல்டர், 6 ஆம்பியர் சாக்கெட் ஒண்ணு, சுவிட்ச் ஒண்ணு, 3 பின் பிளக், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் மூணு நிறம், 100 வாட் குண்டு பல்பு. பேஸ் சுவிட்சுக்கு, சுவிட்ச்ல இருந்து பல்புக்கு, பல்புல இருந்து சாக்கெட்டோட பேஸ் முனைக்கு. நியூட்ரலும் எர்த்தும் நேரா சாக்கெட்டுக்கு. ரிப்பேர் பண்ணின சாமானை இதுல மாட்டினா, உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், பியூஸ் போகாது, பொறி பறக்காது, 0.43 ஆம்பியருக்கு மேல பல்பு விடவே விடாது. எல்இடி பல்பு இதுக்கு ஆகாது, உள்ள இருக்கிற டிரைவர் வோல்டேஜ் குறைஞ்சா மினுக்கும், சில சமயம் எரியவே எரியாது. ஒண்ணும் புரியாது.

இதுல ஏமாந்து போற இடம் ஒண்ணு உண்டு. 1000 வாட் அயர்ன் பாக்ஸை மாட்டுங்க. அதோட 53 ஓம் பல்போட 529க்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. பல்புக்கு 209 வோல்ட் வந்துரும், கண்ணுக்கு ஷார்ட் மாதிரியே தெரியும். ஹீட்டர் வகைச் சாமானுக்குச் சீரிஸ் போர்டை நம்பாதீங்க, ஓம் மீட்டர்ல அளங்க. மிக்சி, பேன், சின்ன எலெக்ட்ரானிக் சாமான், புது வயரிங், இதுக்குத்தான் போர்டு. புது வீட்டுக்கு முதல் கரண்ட் கொடுக்கும்போதும், லோடு எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒவ்வொரு சர்க்யூட்டையும் இந்த பல்பு வழியா ஏத்தினா ஷார்ட் எதுலன்னு எம்சிபியைக் கெடுக்காமத் தெரிஞ்சிரும்.

அடுத்த மாசம் மாரியம்மன் நோம்பி வருது, நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். சீரியல் செட்டு 12 கோயில்ல இருந்து ரோடு வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு மாட்டினா கடைசி செட்டு மங்குமா? சீரிஸ்தானேன்னு கமிட்டியில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கார்.


வயர்மேன்_கோபி:

வரிசையா மாட்டறதெல்லாம் சீரிஸ் ஆகாதுங்க. செட்டோட வால்ல இருக்கிற பிளக்குல அடுத்த செட்டை மாட்டினா, உள்ள பேஸும் நியூட்ரலும் தனித்தனியா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓடுது, அதனால செட்டுக்குச் செட்டு பேரலல். செட்டுக்குள்ள இருக்கிற பல்புகள்தான் சீரிஸ். ஸ்பைக் பாக்ஸ்ல இன்னொரு ஸ்பைக் பாக்ஸ் மாட்டறதும் இப்படித்தான், வோல்டேஜ் பிரியாது, ஆனா முதல் வயர்ல எல்லாரோட கரண்டும் கூடும். செட்டு வயர் தலைமுடி மாதிரி இருக்கிறதால அட்டையில எத்தனை செட்டு வரைக்கும்னு போட்டிருக்கோ அதோட நிறுத்திட்டு, 12 செட்டுக்கு நாலு இடத்துல தனித்தனியா 1.5 வயர்ல பாயிண்ட் எடுத்து விடுங்க.

பழைய 6 வோல்ட் சின்ன பல்பு செட்டுன்னா 38 பல்பு சீரிஸ்ல, 38ஐ 6ஆல் பெருக்கினா 228. ஒண்ணு போனா 38ம் அணையும். போனதைப் பிடுங்கிட்டு வயரை முறுக்கி விடறதுதான் நம்மூர்ல வழக்கம். ஒண்ணு ரெண்டுன்னா தெரியாது. எட்டைப் பிடுங்கி 30 ஆக்கினா பல்புக்கு 7.7 வோல்ட் வருது, அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு நோம்பி முடியறதுக்குள்ள போயிரும். அதே வோல்ட் பல்பையே போடுங்க.

முறுக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிருங்க. 6 வோல்ட் பல்புதானேன்னு நினைப்பாங்க. சீரிஸ்ல ஒரு இடம் அறுந்தா கரண்ட் ஓடாது, அதனால மத்த பல்பு எதுலயும் வோல்ட் எறங்காது, 230ம் முழுசா அந்த அறுந்த ரெண்டு நுனிக்கு நடுவுல நிக்கும். சரியா நீங்க விரல் வைக்கிற இடத்துல.

அறுந்த பல்பைத் தேடறதுக்கு 38ஐயும் மாத்தி மாத்திப் பார்க்க வேண்டாம். பேஸ் பக்கத்துல இருந்து டெஸ்டரை நடுப் பல்புல வைங்க. எரிஞ்சா கோளாறு அதுக்கு அந்தப் பக்கம், எரியலைன்னா இந்தப் பக்கம். மறுபடி மிச்சத்துல பாதி. ஆறு தடவைக்குள்ள இடம் கிடைச்சிரும்.


சென்னிமலைச்சாரல்:

டிபியைத் திறந்து பார்த்தாச்சுங்க. லிங்க்ல மெயின் நியூட்ரல் முனை கறுத்து, ஒண்ணரை அங்குலத்துக்குத் தோல் உருகியிருக்குது. பல இழை வயரை லக் இல்லாம மடிச்சுச் சொருகியிருந்தாங்க, நாலு இழை வெளியவே நிக்குது. வயர் செம்புதான். வெட்டி, லக் போட்டு, புது லிங்க் மாட்டியாச்சு. இப்ப கீசர் ஆன்ல சிவப்பு 231, மஞ்சள் 228, நீலம் 231. லிங்க்–எர்த் 2.2. கொட்டகையும் பேரலல் ஆச்சு, 100 வாட் பல்பு கண்ணு கூசுது.

சாமி மாடத்துச் சுவிட்சை ஆப் பண்ணின பிறகும் அங்க போட்ட புது எல்இடி பல்பு லேசா மினுக்குது. அதுவும் நியூட்ரல் பிரச்சினையா?


ஊத்துக்குளிவெண்ணெய்:

அது வேறங்க. முதல்ல சுவிட்ச் பேஸ்ல இருக்குதா நியூட்ரல்ல இருக்குதான்னு பாருங்க. சுவிட்ச் ஆப்ல ஹோல்டர்ல டெஸ்டர் எரிஞ்சா நியூட்ரல்ல இருக்குது. பேஸுக்கு மாத்துங்க, அது அப்படியே இருந்தா பல்பு மாத்தும்போது அடிக்கும். பேஸ்லதான் இருக்குதுன்னா சுவிட்ச்ல சின்ன இண்டிகேட்டர் லைட் இருக்குதான்னு பாருங்க. ஆப்ல இருக்கும்போது இண்டிகேட்டரும் பல்பும் சீரிஸ், அதுல கசியற துளிக் கரண்ட் எல்இடிக்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போடுங்க. இல்லாட்டி ஹோல்டருக்குக் குறுக்க 0.1 மைக்ரோபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் ஒண்ணு பேரலலா. பேன் கெப்பாசிட்டர், ரேடியோல கழட்டினதெல்லாம் வேண்டாம்.


நொய்யல்மீட்டர்:

228, 231, 231 நல்ல அளவு. லிங்க் ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு மாசம் கழிச்சு மெயினை ஆப் பண்ணிட்டு ஒருக்கா முறுக்கிப் பாருங்க, புது லக் கொஞ்சம் உக்காரும். மடிச்சுச் சொருகின ஆள் பேஸ் முனைகளையும் அதே மாதிரித்தான் விட்டிருப்பார். கீசர் எம்சிபி, சமையல்கட்டு 16 ஆம்பியர் சாக்கெட், ரெண்டையும் அதே நாள்ல திறந்து பார்த்துருங்க.